விடுபட்டவர் பட்டியலையும் வாசிக்கச் சொல்லுங்கள்

கடத்தூர் ஊராட்சி ஒன்றியத்துக் கிராம சபை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



கிராம சபை உறுப்பினர் என்று எழுதியதும், ‘இது வார்டு மெம்பருக்கு வந்த கடிதம்’ என்று தாளை மடித்து வைத்துவிட வேண்டாம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் கிராம சபை உறுப்பினர்கள்தான். சிந்தல்பாடியில் கரும்பு வெட்டுகிறவர், தாளநத்தத்தில் கொடிக்கால் வேலைக்குப் போகிறவர், ராமியணஹள்ளியிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்ப் பொங்கலுக்கு ஊர் திரும்புகிறவர், புட்டிரெட்டிப்பட்டி ரயிலடியில் டீ ஆற்றுகிறவர் என எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். கடத்தூர் டவுன்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது. ஆனால் கீழே வரும் சட்டங்களில் பல டவுனுக்கும் பொருந்தும்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. நம் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களில் நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவரும் இல்லை, மெம்பரும் இல்லை என்ற நிலையிலும் காலாவதியாகாத ஒரே மன்றம் கிராம சபை. அதனால்தான் ஓர் அதிகாரிக்கோ அமைச்சருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

அரசுத் திட்டங்களின் தொடக்க விழாவுக்குத் தருமபுரி ராசியான மாவட்டம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் இங்கிருந்துதான் கிளம்பின. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் பதியும் முகாமை 2023 ஜூலை 24 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தது தொப்பூரில். ‘மக்களுடன் முதல்வர்’ திட்டம் கிராமப்புறங்களுக்கு விரிந்தது 2024 ஜூலை 11 அன்று பாளையம்புதூரில். பந்தல், மேடை, பயனாளிகளின் நேரலைப் பேட்டி எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஒரு திட்டத்தில் பெயர் சேருவதற்கு இத்தனை ஆரவாரம் உண்டு. பெயர் நீக்கப்படும்போது சத்தமே இருக்காது. அடுத்த மாதம் பாஸ்புக்கில் வரவு விழாமல் போன பிறகுதான் சம்பந்தப்பட்டவருக்கே தெரியவரும்.

இந்த மடலின் விஷயம் அந்தச் சத்தமில்லாத பக்கம்தான். நலத்திட்டங்களுக்குக் கண்காணிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தக் கண்காணிப்பு யாரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்.

முதியோர் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர்ப் பேச்சில் ஓ.ஏ.பி. பணம். 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011-இல் 1,000 ரூபாயாகி, 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. தேசிய முதியோர் ஓய்வூதியத்தின் கீழ் வருகிறவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு, 79 வயது வரை 200 ரூபாய், 80-ஐத் தொட்டால் 500 ரூபாய். 2007-இல் இருந்த அந்த 200, இன்றும் அதே 200. சிலிண்டர் விலை, அரிசி விலை, பஸ் கட்டணம் எதுவும் அப்படிப் பொறுமையாக நிற்கவில்லை.

பணம் கைக்கு வரும் காட்சி உங்களுக்குத் தெரிந்ததே. வங்கி முகவர் உள்ளங்கை அளவு கருவியோடு வந்து கோவில் திண்ணையில் உட்காருவார். ஆயாக்கள் வரிசையில் நிற்பார்கள். கட்டை விரலை வைத்தால் கருவி மறுக்கும். முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தாலும் மறுக்கும். ஆள்காட்டி விரல், நடு விரல், இடது கை என்று பத்து விரலும் பரீட்சை எழுதும். ஐம்பது வருஷம் களை வெட்டி, புளி தட்டி, கரும்புத் தோகை உரித்த கையில் ரேகை எங்கிருந்து வரும்? மார்கழியில் நிலைமை இன்னும் மோசம். பனியில் தோல் வறண்டு வெடித்திருக்கும். “வெயில் ஏறினப்புறம் வா ஆயா, குளிர்ல ரேகை விழாது” என்பார் அவர். அவர்மேலும் குற்றம் இல்லை, கருவி அப்படி. கம்பளி போர்த்தித் திரும்பிப் போகிற ஆயா, அந்த மாதம் தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்கத் தவறியவர்.

இதற்கு வடக்கே ஒருவர் அழகாகப் பதில் சொன்னார். ஹரியானாவின் ரோத்தக்கில் 102 வயது முதியவர் ஒருவரின் ஓய்வூதியம், அவர் இறந்துவிட்டதாகப் பதிவாகி நின்றுபோனது. 2022 செப்டம்பரில் அவர் ரூபாய் நோட்டு மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அலங்கரித்த வண்டியில் ஏறி, பேண்டு வாத்தியத்தோடு மாப்பிள்ளை ஊர்வலம் போனார். அவர் இன்னும் உயிரோடிருக்கிறார் என்று எழுதிய அட்டைகளைப் பிடித்தபடி உறவுக்காரர்கள் பின்னால் நடந்தார்கள். நாடே சிரித்தது, ஓய்வூதியமும் திரும்ப வந்தது. ராஜஸ்தானில் 2016-இல் ஓய்வூதியப் பட்டியலைச் சுத்தம் செய்தபோதும் உயிரோடிருந்த பலர் ‘இறந்தவர்’ கணக்கில் போனார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு பேண்டு செட் வைக்க வசதி இருந்திருக்கும்?

சிரிக்க முடியாத கதைகளும் உண்டு. ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கவில்லை என்று அவள் குடும்பத்தின் ரேஷன் அட்டை அதற்கு முன்பே ரத்தாகியிருந்தது. பட்டினிச் சாவு என்றது குடும்பம்; காய்ச்சல் என்றது அரசு. சாவுக்குக் காரணம் எது என்பதில்தான் இரு தரப்புக்கும் சண்டை. அட்டை ரத்தானதில் சண்டை இல்லை. தமிழ்நாட்டில் ரேஷன் எல்லா அட்டைதாரருக்கும் பொதுவாக இருப்பதால் நாம் அந்த அளவுக்குப் போகவில்லை. அந்த ஏற்பாட்டை ‘இலவச அரிசி’ என்று கேலி பேசுகிறவர்கள் சிம்டேகாவை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

நூறு நாள் வேலையின் கதை இன்னும் பெரிது. 2021-22-இல் நாடு முழுவதும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளர் பெயர்கள் 1.49 கோடி. அடுத்த ஆண்டே அது 5.18 கோடி. நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே சொன்ன கணக்கு இது. நீக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்: போலி அட்டை, இரட்டை அட்டை, ஊரை விட்டுப் போனவர், இறந்தவர், ‘வேலை செய்ய விருப்பமில்லாதவர்’. கடைசிக் காரணத்தை மறுபடி படியுங்கள். ஏரி வேலைக்கு விருப்பமில்லை என்று யாராவது எழுதிக் கொடுத்தார்களா? உங்கள் ஊராட்சியில் அப்படி எழுதிக் கொடுத்தவர் யார்? இதைக் கேட்க வேண்டிய இடம் கிராம சபை.

மகளிர் உரிமைத் தொகையில் விடுபட்டவர் கணக்கு ஓரளவு வெளிச்சத்துக்கு வந்தது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

திட்டத்துக்கு வந்த விண்ணப்பங்கள் ஏறக்குறைய 1.63 கோடி. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது தேர்வானவர்கள் 1.06 கோடிப் பேர். மீதி சுமார் 57 லட்சம் பேருக்கு நிராகரிப்புக் குறுஞ்செய்தி. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேல், நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்கு மேல், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம், சொந்தமாகக் கார் அல்லது டிராக்டர் என்று விலக்குவதற்கான விதிகள் இருந்தன. இவற்றை வருவாய்த்துறை, மின்வாரியம், போக்குவரத்துத்துறை தரவுகளோடு ஒப்பிட்டுச் சலித்தார்கள். கணினிக்குத் தெரிந்ததெல்லாம் மீட்டர் எண்தான். ஒரே மீட்டரில் அண்ணன் தம்பி மூன்று குடித்தனம் ஓடினால் மூன்று வீட்டு மின்விசிறியும் ஒரு கணக்கில் ஏறும். மூன்று மருமகள்களும் வசதியானவர்கள் ஆகிவிடுவார்கள்.

குறுஞ்செய்தி வந்து 30 நாளுக்குள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வழி வைத்தார்கள். இ-சேவை மையங்களில் கூட்டம் அலைமோதியது நினைவிருக்கும். சுமார் 11.85 லட்சம் பேர் மேல்முறையீடு செய்தார்கள். 7.35 லட்சம் பேர் தகுதியானவர்கள் என்று அரசே ஏற்றுக்கொண்டு, 2023 நவம்பரில் பணம் அனுப்பத் தொடங்கியது.

இந்த எண்ணிக்கையைக் கொண்டாடலாம். மேல்முறையீடு என்ற ஏற்பாடு வேலை செய்திருக்கிறது. கவலையும் படலாம். நிராகரிப்பை எதிர்த்துக் கேட்டவர்களில் பத்தில் ஆறு பேர் பக்கம் நியாயம் இருந்திருக்கிறது என்றால், கேட்காமல் இருந்த 45 லட்சம் பேரில் எத்தனை பேர் பக்கம் நியாயம் இருந்திருக்கும்? எல்லோரும் அதே விகிதத்தில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. நம்பிக்கை உள்ளவர்கள்தான் மேல்முறையீட்டுக்குப் போவார்கள். ஆனால் செல்போனில் வந்த செய்தியைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாதவர், இ-சேவை மையத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுப் போக முடியாதவர், ‘கவர்மென்ட்டே இல்லைன்னு சொல்லிட்டாங்க’ என்று ஒதுங்கிக்கொண்டவர் எல்லோரும் அந்த 45 லட்சத்துக்குள்தான் இருக்கிறார்கள். 2025-இல் விதிகளைத் தளர்த்தினார்கள். அரசு மானியத்தில் நான்கு சக்கர வாகனம் வாங்கிய குடும்பத்துப் பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்றானது. அந்த ஆண்டு டிசம்பர் 12 அன்று மேலும் ஏறத்தாழ 17 லட்சம் பேர் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. மாதம் ஆயிரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சலிப்பது கீழே இருப்பவர்களைப் பார்த்து மட்டுமா? மேலே பார்க்கும் கண்ணும் உண்டு. அதன் வேகம்தான் வேறு. இந்தியக் கணக்குத் தணிக்கையாளர் 2017 முதல் 2021 வரையிலான தேசிய சமூக உதவித் திட்டக் கணக்கைப் பார்த்து 2023 ஆகஸ்டில் அறிக்கை வைத்தார். முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கான நிதியில் 2.83 கோடி ரூபாயை எடுத்து, ஊரக வளர்ச்சி அமைச்சகம் வேறு திட்டங்களின் விளம்பரப் பலகைகளுக்குச் செலவழித்திருக்கிறது. ஆறு மாநிலங்களில் 57.45 கோடி ரூபாய் வேறு செலவுகளுக்குப் போயிருக்கிறது. கைரேகை விழாத ஆயாவுக்கு மாதம் 200 ரூபாய் கொடுக்க ஆயிரம் யோசனை. அவள் பங்கிலிருந்து விளம்பரப் பலகை நட ஒரு உத்தரவு போதும்.

நூறு நாள் வேலைக் கணக்கை ஊர் முன் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையும் இப்படித்தான். 2017-18 தொடங்கி நான்கு ஆண்டுகளில் நாடு முழுவதும் தணிக்கையில் பிடிபட்ட முறைகேடு சுமார் 935 கோடி ரூபாய். அதில் வசூலானது 12.5 கோடி. மாநிலங்களில் அதிகத் தொகை பிடிபட்டது தமிழ்நாட்டில், 245 கோடி. வசூலானது இரண்டு கோடிச் சொச்சம். இதை நமக்கு அவமானம் என்று மட்டும் பார்க்க வேண்டாம். 12,525 ஊராட்சிகளிலும் தணிக்கை நடந்ததால்தான் இவ்வளவு வெளியே வந்தது. தணிக்கையே ஒழுங்காக நடக்காத மாநிலத்தில் முறைகேடு பூஜ்ஜியமாகத்தான் தெரியும். ஆனால் நூறு ரூபாய் பிடிபட்டால் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வருவதில்லை என்பது அவமானம்தான்.

இது இந்தியாவின் தனி வியாதி என்று நினைத்தால், குளிர் நாடான பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே வீட்டைச் சூடாக வைத்திருப்பது சொகுசு அல்ல, உயிர்ப் பிரச்சினை. 1997 முதல் முதியவர்களுக்குக் குளிர்கால எரிபொருள் உதவித்தொகை கொடுத்துவருகிறார்கள். வயதைப் பொறுத்து வீட்டுக்கு 200 அல்லது 300 பவுண்டு. 2024 ஜூலை 29 அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், இனி ‘பென்ஷன் கிரெடிட்’ போன்ற ஏழ்மை உதவி பெறுகிறவர்களுக்கு மட்டுமே அது கிடைக்கும் என்று அறிவித்தார். பெறுவோர் எண்ணிக்கை சுமார் 1.08 கோடியிலிருந்து 15 லட்சத்துக்குச் சரியும் என்பது கணக்கு.

பணக்கார முதியவருக்கு எதற்கு உதவி என்ற கேள்வி நியாயமானதே. சிக்கல் சல்லடையில் இருந்தது. அந்த பென்ஷன் கிரெடிட்டுக்குத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காத வீடுகள் 8.8 லட்சம் வரை இருக்கும் என்று அந்த அரசின் மதிப்பீடே சொன்னது. விண்ணப்பத்தில் 243 கேள்விகள் என்று பத்திரிகைகள் எழுதின. இப்படிப்பட்ட விதிகளை முன்கூட்டியே பரிசீலிக்க அங்கே சமூகப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அவசரம் என்று சொல்லி அதன் முன் வைக்காமலேயே விதி வந்தது. செப்டம்பர் 10 அன்று நாடாளுமன்றத்தில் எதிர்ப்புத் தீர்மானம் 228-க்கு 348 என்று தோற்றது. ஒரு குளிர்காலம் அப்படியே கழிந்தது. மக்கள் கோபம் தேர்தலில் தெரிந்த பிறகு, 2025 ஜூன் 9 அன்று அரசு பின்வாங்கி, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ள முதியவர் அனைவருக்கும் உதவி உண்டு என்றது. ஏறக்குறைய 90 லட்சம் பேர் திரும்ப உள்ளே வந்தார்கள்.

அங்கே நடந்ததில் நமக்குப் பயன்படுவது ஒன்று. தகுதியிருந்தும் பெறாதவர் எத்தனை பேர் என்று அந்த அரசே மதிப்பிட்டு வெளியிடுகிறது. அந்த எண்ணை வைத்துத்தான் எதிர்த்தவர்கள் வாதாடினார்கள். நம் ஊராட்சி அலுவலகச் சுவரில் பயனாளிகள் எண்ணிக்கைக்கு இடம் உண்டு. தகுதியிருந்தும் பெறாதவர் எண்ணிக்கைக்குக் கட்டமே போடவில்லை.

எரிபொருள் என்றதும் இங்கே நினைவுக்கு வருவது சிலிண்டர். கடத்தூரில் வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவை இல்லை. வத்தல்மலையிலும் சித்தேரியிலும்தான் மார்கழிக் குளிர் பல்லைக் கிட்டவைக்கும். ஆனால் அடுப்பு எரிய வேண்டும். 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் கொடுத்த இணைப்புகளின் எண்ணிக்கைக்குத்தான் மேடைகளில் கைதட்டல். 2019-இல் கணக்குத் தணிக்கையாளர் வேறு ஒரு எண்ணைத் தேடினார்: இணைப்பு வாங்கியவர் ஆண்டுக்கு எத்தனை முறை சிலிண்டர் நிரப்புகிறார்? 2018 டிசம்பர் நிலவரப்படி சராசரி 3.21. பாக்கி மாதங்களில் தென்னை மட்டையும் கருவேலமும்தான் எரிந்திருக்கின்றன. பிறகுதான் சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம் என்று 2022-இல் வந்து, 2023 அக்டோபரில் 300 ஆனது. ஆண்டுக்கு 12 சிலிண்டர் வரை என்றிருந்த அந்த மானியம் 2025-26-இல் 9 ஆகச் சுருங்கியது. எத்தனை இணைப்பு என்று மட்டும் கேட்டிருந்தால் திட்டம் மகத்தான வெற்றி. அடுப்பு எத்தனை நாள் எரிந்தது என்று கேட்ட பிறகுதான் குறை தெரிந்தது.

இப்படிக் கேட்க உங்களுக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்கலாம். உரிமை சட்டத்திலேயே இருக்கிறது, அதுவும் ஒன்றுக்கு மூன்றாக.

1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட்கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பினர் வேலைப் பதிவேடுகளையும் பில்களையும் ஊரார் முன் உரக்க வாசித்தார்கள். அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் முதலியோர் வளர்த்த அமைப்பு அது. வாசிக்க வாசிக்க, வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது தெரியவந்தது. அங்கே பிடித்த சூடுதான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாகவும், அதே ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டத்தில் கிராம சபையே தணிக்கை செய்ய வேண்டும் என்ற 17-ஆவது பிரிவாகவும் வந்தது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய 125 நாள் வேலைச் சட்டத்திலும் சமூகத் தணிக்கைக்கு இடம் உண்டு. ரேஷன் கடைக்கு, 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு. இவை இரண்டு.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவு, மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே அரசு அலுவலகம் வெளியிட வேண்டும் என்கிறது. அதே 4(1) பிரிவின் ‘டி’ உட்பிரிவு, ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அந்த முடிவுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. ‘தகுதியில்லை’ என்று ஒரு வார்த்தையில் முடிப்பது காரணம் ஆகாது. எந்த விதியில், எந்தத் தரவில், எந்தத் தேதியில் என்று சொன்னால்தான் அது காரணம்.

சமூகத் தணிக்கை நாளில் என்ன நடக்கும் என்பதையும் பேசிவிடலாம். சில நாள் முன்பே வள அலுவலர்கள் வந்து வீடு வீடாக வேலை அட்டையைச் சரிபார்ப்பார்கள்; வரப்பும் குட்டையும் அளப்பார்கள். அந்த உழைப்பு நல்ல உழைப்பு. கடைசியில் சிறப்புக் கிராம சபை. சாமியானாவுக்குக் கீழே முப்பது பிளாஸ்டிக் நாற்காலி. கூட்டம் தொடங்கும் முன்பே தீர்மானப் புத்தகம் கைமாறி வரும். ‘ஒரு கையெழுத்துப் போடுங்க, கோரம் வேணும்’ என்பார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் மூவாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் நூறு பேர் வந்தால்தான் கோரம். கையெழுத்துப் போட்ட பக்கத்தின் மேல்பாதி காலியாக இருக்கும். தீர்மானம் பிறகு எழுதப்படும். இந்த ஒரு வழக்கத்தை நிறுத்தினாலே பாதிக் கண்காணிப்பு கைக்கு வந்துவிடும். எழுதி, வாசித்த பிறகு கையெழுத்து. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

தணிக்கையில் தேடுவதும் பெரும்பாலும் ‘பொய்யாக வாங்கியது யார்’ என்பதைத்தான். தேட வேண்டியதுதான். செத்தவர் பெயரில் ஓ.ஏ.பி. வருவதும், வேலைக்கு வராதவர் பெயரில் வருகை ஏறுவதும் நடக்காத ஊர் உண்டா? ஆன்லைன் வருகைப் பதிவில் படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது. ஆனால் பொய்யாக வாங்கியவர் கணக்கில் இருக்கிறார். பதிவேட்டைப் புரட்டினால் அகப்படுவார். நியாயமாக வாங்க வேண்டியவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவரைத் தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களான நீங்கள் மட்டும்தான். அதனாலேயே இந்த வேலையை எந்த செயலியாலும் சென்னையிலிருந்து செய்ய முடியாது.

ஓர் ஆட்சேபம் வரும், நியாயமானதுதான்: நிராகரிக்கப்பட்டவர் பெயரை ஊர் முன் வாசிப்பது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லையா? விதவை உதவித்தொகைக்கோ, கணவன் கைவிட்டதால் வரும் உதவிக்கோ மனுப் போட்ட பெண்ணின் வீட்டு விஷயத்தை மைக்கில் சொல்லலாமா? கூடாது. எண்ணிக்கையையும் காரணத்தையும் வாசிக்கட்டும். பெயரை, சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால் மட்டும் சொல்லட்டும். ‘இந்த ஆண்டு முதியோர் உதவித்தொகைக்கு வந்த மனுக்கள் இத்தனை, நிராகரித்தவை இத்தனை, மகன் இருக்கிறான் என்ற காரணத்தால் இத்தனை, சொத்து இருப்பதாக இத்தனை’ என்று வாசித்தாலே, பெங்களூருக்குப் போய் ஐந்து வருஷமாகத் திரும்பிப் பார்க்காத மகன் எத்தனை ஆயாக்களின் மனுவில் ‘ஆதரவாக’ உட்கார்ந்திருக்கிறான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு ஆட்சேபம் அதிகாரிகள் பக்கத்திலிருந்து வரும். உதவித்தொகை முடிவு பாப்பிரெட்டிப்பட்டி தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் எடுப்பது, கிராம சபைக்கு இதில் வேலை இல்லை என்பார்கள். முடிவெடுக்கும் அதிகாரத்தை யாரும் கேட்கவில்லை. வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை அறிக்கையில் எழுதியது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமையைத்தான் கேட்கிறோம். அவர்கள் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம். வர முடியாவிட்டால் எழுத்தில் அனுப்பலாம்.

கிராம சபைக்கு ஆண்டில் ஆறு நாள் குறித்திருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து எது வருகிறதோ அதில் ஒரே ஒரு தீர்மானத்தை முன்மொழியுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்: ‘கடந்த பன்னிரண்டு மாதங்களில் இந்த ஊராட்சியில் முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி உதவித்தொகை, மகளிர் உரிமைத் தொகை, ரேஷன் அட்டை, வேலை அட்டை ஆகியவற்றில் நிராகரிக்கப்பட்ட மற்றும் நீக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையையும், ஒவ்வொன்றுக்குமான விதி வாரியான காரணத்தையும் அடுத்த கிராம சபையில் வாசிக்க வேண்டும்; பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.’ தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் தமிழ்நாடு சமூகத் தணிக்கைச் சங்கத்துக்கும் அனுப்பக் கேளுங்கள். நகல் தர மறுத்தால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

கூட்டத்துக்கு வரும்போது வேலை அட்டை, ரேஷன் கார்டு, ஓ.ஏ.பி. பாஸ்புக், நிராகரிப்புச் செய்தி வந்த செல்போன் எல்லாவற்றையும் கையோடு எடுத்து வாருங்கள். நடக்க முடியாத ஆயா பக்கத்து வீட்டில் இருந்தால், அவர் சம்மதத்தோடு அவருடைய பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தையும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் வரவு நின்றது என்பது அதில்தான் இருக்கும்.